சாப்பாட்டு மேஜைப் பள்ளிக்கூடம்

காலை எட்டரை மணிக்கு ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துவிட்டு அதே மேஜையின் மேல் புத்தகங்களை எடுத்து வைத்தால், அந்த வீட்டில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது மாடி, இரண்டு அறை, நாலு பிள்ளைகள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. நடுவுள்ளவனுக்கு எட்டு, குட்டிக்கு ஐந்து. பொடிசுக்கு இரண்டு; அவனுக்குப் பாடம் கிடையாது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, கீழே விழும் ரப்பர்களைக் கடித்துத் துப்புவதுதான் அவன் உத்தியோகம்.

அவர்களுடைய அம்மாவைக் கட்டின புருஷன் முதல் மாடிப்படி கூட்டுகிறவர் வரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே டீச்சராக இருந்தவள்தான். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஆறு வருஷம் தொண்டை வறளக் கத்திவிட்டு, போதுமடா சாமி என்று வந்துவிட்டாள். வந்தவள், தன் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

நாத்தனார் வரும்போதெல்லாம் இதைக் கிளறாமல் போகமாட்டாள். "ஊரு உலகத்துல எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன அண்ணி?"

"அம்பத்திரண்டு பேர்ல ஒருத்தன் என்ன ஆனான்னு யாரு பாக்கப்போறா? இங்க நாலே பேரு. ஒருத்தன் தும்முனாக்கூட எனக்குத் தெரியும்."

தும்மினால் தெரியும் என்பது உண்மைதான். அவளுடைய பள்ளிக்கூடமே காதால் நடக்கும் பள்ளிக்கூடம். ஒருத்திக்கு இருப்பது இரண்டு கை. அடுப்பில் ஒன்று, பொடிசின் மூக்கைத் துடைக்க ஒன்று. அதனால் பாடத்தை உரக்க வாசிப்பாள், இல்லையென்றால் பெரியவளை வாசிக்கச் சொல்வாள். பெரியவள் நடுவுள்ளவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவன் குட்டிக்கு. ஒருத்திக்குப் பின்னம், ஒருத்தனுக்குப் பெருக்கல், ஒருத்திக்கு எழுத்து என்று மூன்று பாடமும் ஒரே மேஜையில் சந்தைக்கடை மாதிரி ஓடும். டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். "ஏழெட்டு அம்பத்தி நாலு இல்லடா, அம்பத்தி ஆறு" என்று குழாயடியிலிருந்தே திருத்துவாள். திரும்பிப் பார்க்கவே மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வருஷத்துக்கு ஒரு தடவை கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருவார். பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷத்துக்கு வீட்டிலேயே படிக்கலாம். போன வருஷம் நடுவுள்ளவன் சொதப்பிவிட்டான். தட்டுத் தடுமாறி வாசித்தான். எழுதினால் வரிகள் கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போயின. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. இந்த மாணவன் அடுத்த ஆண்டும் தேறாவிட்டால் நான்கு பேருக்குமான அனுமதி ரத்து செய்யப்படும் என்று.

டீச்சர் அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு, எரிச்சலில் ஒரு வார்த்தையும் சொன்னாள். "இவன் ஒருத்தன் கோட்டை விட்டா நாலு பேருக்கும் ஆப்பு. ஆளுக்கொரு பள்ளிக்கூடம், ஆளுக்கொரு பஸ்ஸு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் சாயங்காலந்தான் பாக்கணும். நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க."

பெரியவர்கள் கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள், சொன்ன கையோடு மறந்தும்விடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரியவள் அன்றைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் பையன் ஜோராகத் தேறினான். ஒரு பாடத்தை எடுத்தால் தங்குதடையில்லாமல் கடகடவென்று வாசித்தான். முப்பத்திரண்டு பாடங்களையும் அப்படியே ஒப்பித்தான். டீச்சர் அதை போனில் பதிவு செய்து நாத்தனாருக்கு அனுப்பிவைத்தாள். பையன் கெட்டிக்காரன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். எதில் கெட்டிக்காரனாகிக்கொண்டிருந்தான் என்பதைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் சொன்னது அவர்களுடைய அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் இவருக்கு போன் வரும். வீட்டில் இருப்பதே அபூர்வம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கீழே விளையாடக் கூட்டிப்போய்விட்டு வந்தவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"ஏன் டீச்சர், இவன் படியில கைப்பிடிய விடாம இறங்குறானே, கவனிச்சியா? பந்தைப் போட்டா அது நெஞ்சுல பட்ட பெறகுதான் கையத் தூக்குறான்."

"அவன் உங்க குடும்பத்து வாரிசு. பயந்தாங்கொள்ளி."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் ஒரு விஷயத்தைக் காதில் போட்டுவிட்டால் அப்புறம் அதைக் காணாமல் இருக்க முடியாது. மறுநாள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு திரும்பி நின்று பார்த்தாள். பையன் தண்ணீர் டம்ளரை மேஜை விளிம்பில் வைத்தான். பாதி டம்ளர் மேஜையில், பாதி வெளியே. குட்டி அதை உள்ளே தள்ளினாள், தினமும் செய்கிற வேலை மாதிரி. படத்துக்கு வண்ணம் தீட்ட அவன் கையை நீட்டினான். குட்டி பச்சைப் பென்சிலை எடுத்து அவன் விரலுக்கிடையில் வைத்தாள். அவன் தலையை ஒருக்களித்து, கோழி பார்க்கிற மாதிரி தாளைப் பார்த்தான்.

டீச்சர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். "என்னடா பார்வை அது?" என்று கேட்டாள்.

"சும்மாம்மா," என்றான்.

"சும்மாதாம்மா," என்றாள் பெரியவள், கேட்காமலே.

அன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது அவனுடைய நோட்டை எடுத்துப் பார்த்தாள். எழுத்து பெரிதாக இருந்தாலும் வரி நேராக இருந்தது. போன வருஷத்துக்கு எவ்வளவோ தேவலை. நிம்மதியாக மூடப்போனவள், எதேச்சையாகத் தாளின் மேல் விரலை ஓட்டினாள். ஒவ்வொரு கோடும் பள்ளமாக இருந்தது. மை தீர்ந்த பேனாவை வைத்து யாரோ ஸ்கேல் பிடித்து அழுத்தி அழுத்தி இழுத்திருந்தார்கள். எழுதிய பக்கங்களில் மட்டுமல்ல, நோட்டின் கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றிலும். கண்ணை மூடிக்கொண்டால்கூட விரலால் தடவிக் கோட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

நிமிர்ந்தபோது பெரியவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவள் வாயைத் திறந்திருந்தால் டீச்சர் கேட்டிருப்பாள். டீச்சர் கேட்டிருந்தால் பெரியவள் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். டீச்சர் நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "முகம் கழுவிட்டு வா, கணக்கு போடலாம்" என்றாள்.

ஆய்வாளர் வருவதற்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

இந்த இடத்தில் அவளுக்காக வாதாட எனக்கு ஆசைதான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அன்று சாயங்காலமே கண் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். எடுத்த பெண், "நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டு வாங்களேன், டாக்டர் ஃப்ரீயாதான் இருக்காங்க" என்றாள். டீச்சர் நாட்காட்டியைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். டாக்டரிடம் போனால் சீட்டு எழுதுவார். ஆய்வாளர் பிள்ளைகளின் மருத்துவச் சீட்டுகளையும் கேட்பார். ஐம்பத்திரண்டு பேர் இருக்கும் வகுப்பிலேயே கரும்பலகை தெரியாத பிள்ளையை ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்களே, நாலே பேரை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாய் என்று அவர் கேட்டால்? கேட்காவிட்டாலும் நாத்தனார் கேட்பாளே?

"நாளைக்கு முடியாதும்மா. இருபதாம் தேதிக்குப் போட்டுருங்க," என்றாள். ஆய்வாளர் வருவது பத்தொன்பதாம் தேதி.

வெறும் கண்ணாடி விவகாரம்தான், மூன்று வாரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. பையன் நடக்கிற வழியில் கிடக்கும் பொம்மையைப் பெரியவள் காலால் ஒதுக்கினாள். அவள் கவனிக்காதபோது டீச்சர் ஒதுக்கினாள். பாடம் நடத்தும்போது இருவருமே கொஞ்சம் அதிகமாக உரக்க வாசித்தார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயமாக இருந்தது.

ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வயதானவர், முட்டிவலிக்காரர், நல்ல மாதிரியாகவே பேசினார். பெரியவளை முதலில் முடித்தார். குட்டி பத்து வரை எண்ணிவிட்டு, கேட்காமலே இருபது வரை போனாள். பொடிசு அவருடைய பையின் வாரைக் கடித்துப் பார்த்தான்.

"அடுத்து இவரா? வாங்க தம்பி. ஒன்பதாவது பாடம் எடுங்க."

"நான் எடுத்துத் தரேன்," என்று பெரியவள் பாய்ந்து புத்தகத்தை விரித்து வைத்தாள். ஒன்பதாவது பாடம் தேனீக்கள்.

பையன் விரலை முதல் வரியில் வைத்து ஆரம்பித்தான். குரல் கணீரென்று இருந்தது. ஆய்வாளர் தலையாட்டிக்கொண்டே படிவத்தை நிரப்பக் குனிந்தார். டீச்சர் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் வரிகளில் இறங்கிப் பக்கத்தின் அடிக்கு வந்து, தாளைத் தாண்டி, மேஜையின் மேல் போய் நின்றது. குரல் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்ததை முடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் இருந்ததையும் அவன் வாசித்துக்கொண்டே போனான். ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம், மூன்று வாக்கியம். பக்கம் திருப்பப்படவே இல்லை.

ஆய்வாளர் நிமிரப்போனார்.

டீச்சர் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பினாள்.

இனி யாரிடமும் நான் கவனிக்கவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. அது அவளுக்கே அந்த நொடியில் தெரிந்தது. தெரிந்தும், "போதுமாங்க, இல்ல மீதியும் வாசிக்கணுமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள்.

"போதும், போதும். தண்ணி பட்ட பாடா வாசிக்கிறாரே." அவனுடைய நோட்டிலேயே நாலு வரி எழுதச் சொன்னார். அவன் இடதுகை விரலைத் தாளில் நகர்த்திக்கொண்டே வலதுகையால் எழுதினான். ஆய்வாளர் நோட்டைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மருத்துவச் சீட்டுக்கான இடத்தில் கோடு போட்டு, கீழே கையெழுத்திட்டார். "போன வருஷம் நான் ரொம்பக் கடுமையா எழுதிட்டேனோன்னு இருந்துச்சும்மா. நாலு பேரையும் தேத்திட்டீங்க. பெரிய விஷயம்."

அவர் எழுந்து, செருப்பை மாட்டி, பையன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே இருந்த கதவைத் திறந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அவங்க போயாச்சா?" என்றான் பையன்.

"போயாச்சு."

"நாம பாஸா?"

"பாஸ்தான்."

அவன் அக்கா இருந்த பக்கம் தலையைத் திருப்பினான். "அக்கா, இப்பச் சொல்லிரலாமா?"

பெரியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். "நீதானேம்மா சொன்ன, இவன் தோத்தா எல்லாரையும் பிரிச்சுருவாங்கன்னு" என்று விரல்களுக்கிடையிலிருந்து சொன்னாள். டீச்சர் அவளைத் தேற்றவில்லை. தேற்றுவதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குட்டி ஒருத்திதான் எழுந்துபோய் அக்காவின் மேல் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், எழுத்துப் பலகையைக் காட்டினார். மேலே இருக்கும் பெரிய எழுத்தையே பையனால் சொல்ல முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்து, கிரீஸ் கறையோடு சுவரோரம் நின்றார்.

"கண்ணாடி போட்டாச் சரியாகிற விஷயமில்லம்மா இது," என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள வீக்கம். வலிக்காது, சிவக்காது. அதனால வெளியில தெரியாது. சீக்கிரம் வந்தா மருந்துலயே நிறுத்திரலாம். எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு பார்வைய மீட்க முடியும்னு நான் சொல்ல முடியும். எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர்," என்றாள் டீச்சர்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"இல்ல டாக்டர்," என்றான் பையன். வீட்டில் தப்பான விடையைத் திருத்தும்போது பேசும் அதே பவ்யமான குரல். "ஆறுகள் பாடம் நடத்துனாங்கல்ல, அப்பலேர்ந்து. அதுல பெரிய படம் ஒண்ணு உண்டு. எல்லாரும் ஆறு எங்க ஓடுதுன்னு விரல் வெச்சாங்க. எனக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல."

டாக்டர் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு உங்க பாடமெல்லாம் தெரியாதே ராசா. அது எப்ப?"

பையன் அம்மா இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தான். புருஷனும் அவளைப் பார்த்தார். எந்தப் பாடம் எந்த வாரம் நடந்தது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"பதிமூணு மாசம்," என்றாள்.

டாக்டர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவள் சொன்னதைப் பக்கத்தில் எழுதினார். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.