கருநாக்குச் செடி

பேர் தெரியாத செடி வீட்டுக்கு ஆகாது என்பது என் மாமியாரின் கட்சி. புக்கித் தீமா ரயில் பாதை ஓரத்திலிருந்து நான் வேரோடு பிடுங்கி வந்த அந்தச் சின்னச் செடி, தேக்கா பின்சந்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில், மண்ணெண்ணெய்த் தகரத்தில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஊதாப் பூ, ஐந்து இதழ். காலையில் விரியும், மறுநாளே உதிர்ந்துவிடும்.

"பூவும் தங்காது, பேரும் கிடையாது. விஷச்செடியா இருந்தா என்ன பண்ணுவே?" என்பார் மாமியார். கண்ணில் புரை விழுந்திருந்ததால் அவருக்குப் பூவே சரியாகத் தெரியாது. அது வேறு விஷயம்.

அறுபதுகளில் எங்களுக்குத் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. "பேரைக் கண்டுபிடி, லாரியில ஏத்தலாம். இல்லாட்டி இங்கேயே கிடக்கட்டும்" என்று மாமியார் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்.

பூக்கடைக்காரரிடம் ஒரு கிளையைக் காட்டினேன். "விக்கிற பூவா இருந்தா எனக்குத் தெரியும்மா" என்று கையை விரித்தார். சரி என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். இலை பூனை நாக்குபோல் சொரசொரப்பு. நரம்புகள் பக்கவாட்டில் பிரியாமல், காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடின. பூவுக்குள் மகரந்தக் காம்பு இரண்டு தினுசு, பாதி மஞ்சள், பாதி ஊதா. ஒரே பூவுக்கு எதற்கு இரண்டு தினுசு? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எதிர்வீட்டு மக்சிக், மலாய்க்காரப் பெரியம்மா, பார்த்ததுமே "சென்டுடோக்" என்றார். அப்பாடா, பேர் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. காயைத் தொட்டு, "லிடா ஈத்தாம், லிடா ஈத்தாம்" என்று நாக்கைத் தொங்கவிட்டுக் காட்டினார். ஈத்தாம் கறுப்பு என்று தெரியும், லிடா தெரியாது. என் மலாய் மார்க்கெட்டோடு சரி. நாக்குத் தொங்கினால் சாவு என்றல்லவா அர்த்தம்? மாமியாரிடம் பேரைக்கூடச் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

வீடு மாறும் அன்று காலையில் ஒரு காய் தானாக வெடித்திருந்தது. உள்ளே கருநீலச் சதை, பொடிப்பொடியாக விதை. குருவி ஒன்று வந்து கொத்தியது. கொத்திவிட்டுத் தெம்பாகப் பறந்தும் போனது. பிறகென்ன, மிச்சத்தை நான் தின்றேன். லேசான இனிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு கன்னங்கரேல் என்றிருந்தது. அட, லிடா என்றால் நாக்கு! சாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தார். "பேரு கிடைச்சுதா?"

"கிடைச்சுது அத்தை. சென்டுடோக்."

"அது மலாய்க்காரங்க பேரு. நம்ம பேரு என்ன?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செடி ஏறலைன்னா லாரியே வராது, பாருங்க."

அவர் என் முகத்துக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "கருநாக்கு" என்றார் மெல்ல. கருநாக்கு சொன்னால் பலிக்கும் என்பது அவர் நம்பிக்கை.

லாரி வரவில்லை. எஞ்சின் கெட்டுவிட்டதாம். மறுநாள் வந்த லாரியில் முதலில் ஏறியது அந்தத் தகரம்தான். ஏற்றச் சொன்னவரும் அவரேதான். எங்கள் வீட்டில் அதற்குக் கருநாக்குச் செடி என்றே பேர் விழுந்தது.

மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு முதல் நாள், நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, வெடித்த பழம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அதற்கு முன் அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

"இதத் தின்னு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லு."

தின்றேன். சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்த அன்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க, நாக்கை நீட்டு" என்றார். நீட்டினேன்.

"வெளுத்துப் போச்சே. வீட்டுக்குப் போனதும் இன்னொண்ணு தின்னு. இன்னொரு கண்ணு இருக்குல்ல."