இது எந்த மாநிலம்?

ஒரு சோதனைத் தாளில் நான் போட்ட மூன்று பூஜ்யங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவற்றை அடிக்க வைத்ததில் பெருமையும் உண்டு. முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மறதிநோய் ஆய்வில் அது எனக்கு இரண்டாம் வருடம். தமிழ் பேசும் முதியவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. தேக்கா சந்தையின் மாடியில் தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மாவை அவருடைய மகள் அழைத்து வந்தார். இரண்டு பேருடைய ரவிக்கைகளை அம்மா மாற்றிக் கொடுத்துவிட்டாராம்.

"டெஸ்ட்ல ஃபெயில்னா கடையை மூடிடுவேன். உட்லண்ட்ஸ்ல என் வீட்டோட வந்து இருக்கட்டும்," என்று அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார் மகள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேள்வித்தாள் தமிழ்நாட்டில் மொழிபெயர்த்தது. அதில் உள்ளபடியே கேட்டேன்.

"இது எந்த மாநிலம்?"

"என்னம்மா கேக்குற? சிங்கப்பூர்ல ஏது மாநிலம்?"

பூஜ்யம்.

"இப்போது என்ன பருவகாலம்?"

"வெயில் அடிச்சா வெயில், மழை பேஞ்சா மழை. இங்க வேற என்னா இருக்கு?"

அதற்கும் பூஜ்யம். அடுத்து காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டினேன். "பாடாக்" என்றார் உடனே. கம்பத்துக் கிராமத்தில் மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவருக்கு அந்த மிருகத்தின் பெயர் அதுதான். சிங்கப்பூரின் தோ பாயோவில் பிறந்த நானே 'காண்டாமிருகம்' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன். ஆனாலும் மூன்றாவது பூஜ்யத்தைப் போட்டு, சீச்சீ, கீழே கையெழுத்தும் போட்டேன். அந்த மூன்று மதிப்பெண்ணில் அம்மா மறதிநோய்க்கான எல்லைக் கோட்டுக்குக் கீழே போய்விட்டார். மகள் அந்தத் தாளின் நகலை வாங்கிப்போய், அந்த வாரமே கடைக்குப் பூட்டுப் போட்டார்.

தேக்காவில் மீன் வாங்கப் போனபோது மாடியேறி அந்தப் பூட்டைப் பார்த்தேன். மீன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் எங்கள் குழுத் தலைவரின் அறைக்குப் போனேன். சென்னையிலிருந்து வந்து பல வருடம் ஆனவர். நல்ல மனுஷர்தான், ஆனால் அச்சடித்த தாள் அவருக்கு வேதவாக்கு.

"சார், அந்த அம்மா சொன்னது தப்பில்ல. கேள்விதான் தப்பு."

"அது வேலிடேட் பண்ண டெஸ்ட்மா. நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"இப்ப என்ன பருவகாலம், சார்?"

அவர் சன்னலைப் பார்த்தார். வெயிலோடு மழை பெய்துகொண்டிருந்தது. "கோடை...?" என்று இழுத்தார்.

"சரி, இது எந்த மாநிலம்?"

அவர் கேள்வித்தாளை எடுத்துப் புரட்டினார். வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே அவர் பதவியை எழுதி, இரண்டு பூஜ்யம் போட்டு மேசைமேல் வைத்தேன். அவர் முகம் சிவந்தது.

"வேலை போயிடும்னு பயமில்லையா உனக்கு?"

"இருக்கு, சார். ஆனா அந்த மார்க்கை அடிக்கிற வரைக்கும் இன்னொருத்தரை நான் டெஸ்ட் பண்ண மாட்டேன்."

இரண்டு வாரம் ஒருவரையும் சோதிக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஆமாம், திமிர்தான். அதனால் என்ன? கடைசியில் அவரே இறங்கி வந்து அந்த மூன்று பூஜ்யங்களையும் அடித்தார். மருத்துவர் ஒருவர் இந்த ஊருக்குப் பொருந்தும் கேள்விகளோடு அம்மாவை மறுபடி சோதித்து, மறதிநோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மகளையும் அம்மாவையும் வரச்சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தோடு நானே கடைக்குப் போனேன். மகள் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பூட்டைத் திறந்துவிட்டு, பையிலிருந்த பழைய நகலைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காத, குடு இங்க. தாள் நல்லா தடிப்பா இருக்கு," என்றார் அம்மா. அதை இரண்டாக மடித்து, சாக்குக்கட்டியால் ஒரு வளைவு போட்டு, ரவிக்கைக் கழுத்துக்கு மாதிரி வெட்டினார். என் பூஜ்யங்களும் கையெழுத்தும் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தன.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"மூலையில தொடப்பம் இருக்கு, பாரு. கூட்டிட்டுப் போ."

கூட்டினேன்.