வெறும் வயிறும் ஒரு பிளேன்டீயும்

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தம் போட்டுச் சொல்ற விசயம் இல்ல. நான் வேலை பார்த்த இடத்துக்குச் சிரிச்ச முகத்தோட வந்தவங்க ஒருத்தரும் கிடையாது. வரும்போது பயந்துக்கிட்டு வருவாங்க. போகும்போது பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னை முறைச்சுப் பார்த்துட்டுப் போவாங்க. ரத்தம் சோதிக்கிற லெப்புன்னா அப்படித்தான். நீங்களும் கையை நீட்டி ஊசி வாங்கினவங்கதானே, உங்களுக்குச் சொல்லவா வேணும்?

கண்டிக்குப் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. அந்த லெப்புல போத்தல் கழுவுறது, பேர் கூப்பிடுறது, வர்றவங்களுக்குச் சட்டைக் கையை மடிச்சு விடுறது, இதெல்லாம் என் வேலை. லெப் வேலை பழகுற பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு வகுப்பும் நடந்துச்சு. பழக்கினது ஒரு சிங்கள மிஸ். தமிழை அவங்க இஷ்டத்துக்கு உடைச்சு உடைச்சுப் பேசுவாங்க, ஆனா விளங்கும். பிள்ளைகள்ல ரெண்டு பேரை நீங்க தெரிஞ்சுக்கிட்டா போதும். கலஹா தேயிலைத் தோட்டத்துக் கவிதா, பெரிய வாய்க்காரி. திகனயில இருந்து வர்ற நிலோபர், பேச்சு குறைவு. நிலோபருக்குக் கைக்குழந்தை இருந்துச்சு. உம்மாகிட்ட விட்டுட்டு பஸ் ஏறி வருவா.

அந்த வருசம் மேலிடத்துல ஒரு பேச்சு கிளம்புச்சு. இங்க சாமான் பத்தாது, இடம் பத்தாது, வகுப்பை மூடிட்டுப் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிடலாம்னு. ஒரு அதிகாரி வந்து பார்த்துத்தான் முடிவு சொல்லுவாராம். மத்தப் பிள்ளைகள் எப்படியாவது சமாளிச்சுப் போயிடும். நிலோபர்தான் என்கிட்ட வந்து நின்னா. "எனக்குக் கொழும்புக்குப் போக ஏலா மாமா. இங்க மூடினா என்ட படிப்பும் முடிஞ்ச மாதிரித்தான்."

டியூப் கை

ஊசி குத்திப் பழகுறதுக்கு ரப்பர் கைன்னு ஒண்ணு இருக்காம். மிஸ் கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க, வரல. கடைசியில நான் ஒரு பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கொண்டுவந்தேன். உள்ளே சிவப்புச் சாயத் தண்ணியை ஊத்தி, ரெண்டு முனையையும் கட்டி, பஞ்சு மெத்தைத் துண்டு மேல வச்சுச் சுத்தினோம். அதுதான் எங்க கை. கவிதா குத்தின முதல் குத்து இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து, மிஸ்ஸோட சாரியெல்லாம் சிவப்பு.

நிலோபர் வேற மாதிரி. டியூப்பைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம் மூச்சை இழுத்து விடுங்க, வலிக்காது"ன்னு அதுகிட்ட நிஜமாவே பேசிட்டுத்தான் குத்துவா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவ நிறுத்தவே இல்ல. ஒருநாள் கவிதா பொறுக்க முடியாம கத்தினா: "ஏய், டியூப்பு மூச்சை விட்டுச்சுன்னா பங்சர் கடைக்குல்ல தூக்கிட்டு ஓடணும்!"

அலுமாரிக்கு வெளிச்சம்

மைக்ரோஸ்கோப் எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தர் கண்ணை எடுக்கிற வரைக்கும் மத்தவங்க பின்னால நிக்கணும். கண்டி மழையில துவைச்ச துணி காயுறதே பெரும்பாடு. அந்தக் கண்ணாடியில பூஞ்சணம் பிடிச்சா வகுப்பே அவ்வளவுதான். அதனால அதை ஒரு அலுமாரிக்குள்ள வச்சு, சூடாகுற பழைய பல்பு ஒண்ணை உள்ளே எரிய விட்டிருப்போம். வீட்டுக்குப் போகும்போது எல்லா லைட்டையும் அணைப்பேன், அதை மட்டும் தொட மாட்டேன்.

ரத்தம் குடுக்க வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர் அலுமாரி இடுக்குல வெளிச்சத்தைப் பார்த்துட்டு, உள்ளே என்ன சாமியான்னு கேட்டார். விசயத்தைச் சொன்னேன். "எங்க லயத்து வீடுகள்ல மனுசனுக்கே பல்பு எரியல தம்பி, உங்க அலுமாரிக்கு எரியுதா?"

எது சாப்பாடு

எங்களுக்குப் பெரிய தலைவலி சீனி வருத்தம், அதான் சர்க்கரை நோய், பார்க்கிறதுதான். காலையில தண்ணியைத் தவிர ஒண்ணும் சாப்பிடாம, குடிக்காம வரணும். பிள்ளைகள் எல்லாரையும் கேட்பாங்க, "சாப்பிட்டீங்களா?"ன்னு. எல்லாரும் இல்லம்பாங்க. ஆனா சோதிச்சா சீனி ஏறி நிக்கும். மெசின் பிழையோன்னு திரும்பச் சோதிப்பாங்க. சோதிக்கிற மருந்தோ எங்களுக்குக் கொஞ்சம்தான் வரும். இப்படியே போனா அதிகாரி வர்ற அன்னைக்கு மருந்தும் இருக்காது, மரியாதையும் இருக்காதுன்னு மிஸ் தலையில கையை வச்சுட்டாங்க.

நிலோபர் ரத்தம் எடுத்த ஒரு தோட்டத்து அம்மாவுக்கு மூணாவது தடவையும் அதே கதை. நான் பக்கத்துல உட்கார்ந்து, காலையில எழும்பினதுல இருந்து என்னென்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். முகம் கழுவினதைச் சொன்னாங்க, கோழியைத் திறந்துவிட்டதைச் சொன்னாங்க, நடுவுல பிளேன்டீயும் வந்துச்சு. பால் இல்லாத தேத்தண்ணி ஒரு வாய், கருப்பட்டி ஒரு கடி. அதை முதல்லயே சொல்லக்கூடாதான்னு நான் கேட்க, அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துட்டுது. "என்னங்க பேசுறீங்க, பிளேன்டீ எப்பங்க சாப்பாடாச்சு?"

அதிகாரி கை நீட்டினார்

கொழும்புல இருந்து அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிக்கு மேலால பார்க்கிற ஆள். டியூப் கையை விரலால அமுக்கிப் பார்த்தார். அலுமாரியைத் திறந்தார், மூடினார். முகத்துல ஒண்ணும் தெரியல. கடைசியில கதிரையில உட்கார்ந்து சட்டைக் கையை மடிச்சார். "எனக்கும் சீனி வருத்தம் இருக்கு. இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை. பிள்ளையளில ஒராள் ரத்தம் எடுங்கோ பாப்பம்."

மிஸ் நிலோபரை முன்னால தள்ளிவிட்டாங்க. அவ அவர் கையில ரப்பர் பட்டியைக் கட்டினா, நரம்பைத் தொட்டுப் பார்த்தா. எல்லாரும் கேட்கிற கேள்வியை அவ கேட்கல. பஞ்சால துடைச்சுக்கிட்டே, "சேர், காலைல பிளேன்டீக்குக் கடிச்சது சீனியா, கருப்பட்டியா?"ன்னா. மனுசன் யோசிக்கவே இல்ல. "கருப்பட்டிதான் பிள்ளை, சின்னத் துண்டு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைச்சுது. கவிதா வாயைப் பொத்திக்கிட்டா. நிலோபர் பட்டியை அவிழ்த்தா. "அப்ப இன்னைக்கு எடுக்க ஏலா சேர். நாளைக்கு வெறும் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வாங்க."

அவர் சட்டைக் கையை இறக்கி விட்டுட்டு, எழும்பிப் போயிட்டார். வகுப்பும் அவரோடயே வாசலைத் தாண்டிப் போற மாதிரி இருந்துச்சு எனக்கு. "ஒரு ஊசிதானே நிலோபர், எடுத்து இருந்தா என்ன?"ன்னு மிஸ் கேட்டாங்க. நிலோபர் பட்டியைச் சுருட்டி வச்சா. "எடுத்தா வாறது பொய்க் கணக்கு மிஸ். அதக் கையில குடுத்து அவரை அனுப்பவா?"

மறுநாள்

விடிஞ்சதும் நான் கதவைத் திறக்கப் போனா, வெளியில வாங்குப் பெஞ்சுல அவர் உட்கார்ந்திருக்கார். முதல் பஸ்ல வந்த சனத்தோட சனமா. கொழும்புக்குத் திரும்பிப் போகாம கண்டியிலேயே தங்கிட்டாராம். அவர் முறை வந்ததும் பேரைக் கூப்பிட்டேன். நிலோபர் ஒரே குத்துல எடுத்து முடிச்சா. அவர் பஞ்சை அமுக்கிக்கிட்டு மிஸ்ஸைப் பார்த்து, "வகுப்பு இஞ்சயே நடக்கட்டும், மேலிடத்துக்கு நான் எழுதுறன்"னார். மிஸ் என் கையைப் பிடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினாங்க. மனுசனுக்கு அப்பதான் பேச்சு வந்துச்சு. தான் லெப் வேலை பழகின காலம், தன்னைப் பழக்கினவர், அவர் குடுத்த ஏச்சு, எல்லாத்தையும் கதிரையில சாய்ஞ்சுக்கிட்டுச் சொல்லத் தொடங்கிட்டார். நாங்க எல்லாம் கைகட்டிக் கேட்டுக்கிட்டு நிக்கிறோம். நிலோபர் மட்டும் புது ஊசியை எடுத்து வச்சுட்டு, வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தா. "சேர், கொஞ்சம் எழும்புங்க. அடுத்த ஆள் பசியோட நிக்கிறார்."

வகுப்பு பிழைச்ச கதை இவ்வளவுதான்: பிழைக்க வச்ச மனுசனையே கதிரையை விட்டு எழுப்பிட்டு, அடுத்த கையில பட்டியைக் கட்டினா நிலோபர்.