என் வீட்டுக்காரர் காலில் இல்லாத படை

அன்னூரில் எங்கள் வீதி முனை மருந்துக்கடைக்காரர் எனக்குப் பங்காளி வழியில் தம்பி முறை. ஒன்றரை வருடமாக எனக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று விட்டுவிட்டு வந்ததற்கு இந்த உறவுமுறை பாதிக் காரணம். மீதிக் காரணம் நான்.

முதல் தடவை அரிப்பு தாங்காமல் போய் நின்றபோது, "ஏனுங்கக்கா, என்ன வேணும்?" என்றார். உடம்பைப் பற்றிப் பெண்கள் கூச்சப்படக் கூடாது என்று மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்கியவள் நான். அன்று என் வாயில் வந்தது, "உங்க மாமாவுக்குக் கால்ல படைங்க தம்பி."

படைக் க்ரீம் கொடுத்தார். தடவினேன். மூன்று நாள் சொர்க்கம். ஒரு மாதத்தில் மறுபடி, முன்னைவிட மோசமாக. மறுபடி கடை, மறுபடி மாமாவின் கால். சுத்தம் போதவில்லையோ என்று கிருமிநாசினி கலந்து கழுவிப் பார்த்தேன். எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

இதற்குள் படை ஊருக்கே தெரிந்துவிட்டது. பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் என் வீட்டுக்காரர் காலையே பார்க்கிறார்களாம். "ஏன் அம்மணி, என் கால்ல அப்படி என்னதான் இருக்குது?" என்று வந்து நின்றார். சொல்லிவிட்டேன். குனிந்து காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அது கெடக்கட்டும். மொதல்ல டாக்டரப் போய்ப் பாரு."

கோயம்புத்தூரில் ஒரு பெண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, நான் நீட்டிய க்ரீமைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்குதுங்க. அரிப்ப அமுக்கிப்போட்டுப் பூஞ்சைய வளத்துவிடும். கிருமிநாசினி, வாசனை சோப்பு எதுவும் வேண்டாங்க, வெறும் தண்ணி போதும்." ரத்தத்தில் சர்க்கரையும் எல்லை தாண்டியிருந்தது. அது குறையாமல் இது அடங்காதாம். சர்க்கரைக்குத் தனி மருந்து. பூஞ்சைக்கு வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதம். "நல்லாயிருச்சுன்னு நடுவுல நிறுத்திப்போட்டீங்கன்னா திரும்ப வருமுங்க."

அங்கேயே வாங்கிய மாத்திரை ஒரு மாதத்தில் தீர்ந்தது. ஐந்தாவது வார மாத்திரை நாளன்று வேறு வழியில்லாமல் தம்பி கடையில் டாக்டர் சீட்டை நீட்டினேன். என் பெயர், வயது, எல்லாம் அதில் பச்சையாக இருந்தது. நிதானமாகப் படித்தார். அலமாரியில் இருந்த இருமல் மருந்துகளை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

மாத்திரையைக் கவரில் போட்டு, அதற்கு மேல் செய்தித்தாளையும் சுற்றினார். "வாரா வாரம் தவறாமப் போடுங்கக்கா," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அந்தக் க்ரீம் இனித் தொடாதீங்க." பின்னால் ஒருவர் வந்து நின்றதும் குரலை உயர்த்தினார்: "மாமாவுக்குக் கால் எப்படி இருக்குதுங்கக்கா?"

"பரவால்லீங்க தம்பி."

வீட்டில் சொன்னதும், "அப்ப இன்னும் அஞ்சு மாசம் எனக்குப் படைதான்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பினார் மனிதர்.

நான் மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். லேசாக அரிப்பது போலிருந்தது. நிஜமாகவா, பயத்திலா என்று எனக்கே தெரியவில்லை.