மச்சக்காரர்

பெண் பார்க்க வந்த அன்றே அவருடைய கன்னத்து மச்சத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். "மாப்பிள்ளை மச்சக்காரருங்க, தொட்டதெல்லாம் தொலங்கும்" என்று என் அத்தை அடித்துச் சொன்னாள். குன்னூரில் தேயிலை ஏலக் கம்பெனியில் அவருக்கு வேலை நிரந்தரமானது, சொந்த வீடு கட்டியது, எல்லாவற்றிலும் பெயர் அந்த மச்சத்துக்குத்தான் போயிற்று. நான் மிச்சம் பிடித்ததை யாரும் பேசவில்லை.

அதனால் அது பெரிதானபோது ஒருத்தருக்கும் பயம் வரவில்லை. ஓரம் கோணலாகி, ஒரு பக்கம் மட்டும் கன்னங்கரேலென்று ஆனது. ஷேவ் பண்ணும்போது ரத்தம் வந்தது. "அதைத் தொட்டுடாதீங்க, யோகம் போயிரும்" என்று சொல்லத்தான் ஆள் இருந்தது. அவரும் அதைச் சுற்றிப் பதமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஊரே சேர்ந்து புற்றுநோயைச் சீராட்டி வளர்த்தோம், வேறென்ன சொல்ல!

கோயம்புத்தூரில் வெட்டி எடுத்தார்கள். கன்னத்துக் குழியில் தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். கழுத்தில் நோய் இறங்கியிருந்த கட்டிகளையும் எடுத்ததில் முக நரம்பு பலவீனமாகி, வாய் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து, சில வாரங்களுக்கு ஒரு தடவை டிரிப்ஸில். ஒவ்வொரு தடவையும் வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு இறங்கி, ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக் கிடந்து, மறுபடி மலையேறுவோம். எனக்கு அலுத்துப்போனது. உடம்பு அவருடையது, அலுப்பு என்னுடையது.

ஒரு வருஷம் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. போன வாரம் நுரையீரலில் புள்ளிகள் தெரிகின்றன என்றார்கள்.

"மருந்தை மாத்திப் பாக்கலாமுங்க" என்றார் டாக்டர். "சில பேருக்கு நல்லாக் கேக்குது, வருசக்கணக்கா இருக்கறாங்க. சில பேருக்குக் கேக்கறதில்லைங்க. குடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"கேக்காட்டி?"

"மாசக்கணக்குதானுங்கம்மா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னது அவருக்கும் கேட்டது.

மேட்டுப்பாளையத்தில் பஸ் பிதுங்கியது. நாங்கள் ஏறிய நிமிஷத்தில் ஒருவர் பஸ் மாறி ஏறிவிட்டதாகச் சொல்லி, ஜன்னல் சீட்டிலிருந்து எழுந்து இறங்கினார். கண்டக்டர் இவரைப் பிடித்து உட்காரவைத்தார். மப்ளருக்குள் இருந்த கன்னத்தைக் கண்டக்டர் பார்க்கவில்லை.

"நிக்கவே எடமில்ல, உங்களுக்கு ஜன்னல் சீட்டு! மச்சக்காரருங்ணா நீங்க."

இவர் பாதி வாயால் சிரித்தார். நல்லாத்தான் சிரித்தார், பாவி மனுசன். கன்னத்தைத் தடவியபடி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"கேட்டயா புள்ள? இன்னும் இருக்குதாமா."

"இருக்கோணுமுங்க" என்றேன். கம்பியைப் பிடித்து நின்றபடியே, பாதி மலையில் பர்லியார் வரும் வரைக்கும் அழுதேன்.