அண்ணன் நம்பரில் என் பல்

சபையோரே, இதை நீங்கள் யாரும் நம்பப்போவதில்லை என்று என் முப்பத்திரண்டு பற்கள்மீதும் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

காலையில் பல்வலி. என் கன்னம் வீங்கிய வீக்கத்தில் செங்கல்பட்டு ஜங்ஷனில் இரண்டு ரயில்கள் வழி கிடைக்காமல் நின்றன. பக்கத்துப் பல் கிளினிக்கில் நுழைந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். போன வருஷம் இறந்துபோன அண்ணனின் நம்பரைத்தான் நான் வைத்திருக்கிறேன். கேஸ், கரண்ட் எல்லாம் அதில்தான். சொன்னேன்.

தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏகாம்பரம் சாரா? மூணு பல்லு புடுங்கிகினு போனீங்களே! இன்னா சார், திரும்ப மொளைச்சிடுச்சா?"

மின்விசிறி நின்றது. காத்திருந்த நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் பல் கிட்டியது. என் பக்கத்துக் காலி நாற்காலி, யாரோ உட்கார்ந்ததுபோல் முனகியது.

"அது எங்க அண்ணன்மா. செத்துட்டாரு."

"அப்போ பேரை மாத்திடறேன் சார்."

பேரை மாற்றினால் அண்ணன் பேர் என்ன ஆகும் என்று கேட்க, சிறுசேரியில் புரோகிராம் எழுதும் அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன்.

"சித்தப்பா, அதை அசோசியேட்டிவ் அரேன்னு சொல்வோம். நம்பர்தான் சாவி. ஒரு சாவிக்கு ஒரு ஆளுதான். உன் பேரு உள்ள போனா அப்பா அழிஞ்சிடுவாரு."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பாய்ந்து, கீபோர்டை இரண்டு கையாலும் மூடினேன். "மாத்தாதம்மா! என் வூட்டுக்காரி நம்பர்ல என்னைப் போடு."

நம்பாதவர்கள் கமெண்டில் வந்து கிழிக்கலாம். பெரும்பாலும் என் கைச்சரக்குதான்.

கீபோர்டை மூடியது மட்டும் நிஜம்.