பழப்புளி விட்ட கப்பொனாத்தா

போன ஞாயிறு மகள் என்னை, இங்கே சிசிலியில் மொண்டெல்லோக் கடற்கரைக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அறுபது வயதாகிவிட்டதாம், அதற்கு. கடற்கரையோரக் கடைக்குள் நுழைந்ததுமே கத்தரிக்காய் பொரிகிற வாசம். நல்ல வாசம்தான். ஆனால் கரும்பலகையில் எழுதியிருந்ததைப் படித்ததும் பசி போய் எரிச்சல் வந்துவிட்டது: 'என் அம்மாவின் கப்பொனாத்தா.'

அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாதா! பழைய நகரத்துக் கால்சாப் பகுதியில், கடைக்காரரின் தாயாரான சிஞ்ஞோராவின் வீட்டில் பதினான்கு வருடம் தங்கி வேலை செய்தவள் நான். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த இத்தாலியன் 'சீ, சிஞ்ஞோரா', அதாவது 'ஓம், அம்மா' மட்டும். எது கேட்டாலும் அதுதான் பதில். கப்பொனாத்தா செய்யத் தெரியுமா என்று கேட்டபோதும் அதையே சொல்லி வைத்தேன். பிறகென்ன, அவரே பக்கத்தில் நின்று காட்டித் தந்தார். கத்தரிக்காயைத் துண்டாக்கிப் பொரித்து, வெங்காயம், செலரி, தக்காளி, ஒலிவ் எல்லாம் சேர்த்து, கடைசியில் சீனியும் வினாகிரியும் விடவேண்டும். புளிப்பும் இனிப்புமாக ஆறவைத்துச் சாப்பிடுவது. சிசிலிக்காரருக்கு மனம் சரியில்லையென்றால் அது போதும்.

ஒரு ஞாயிறு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். என் சாப்பாட்டுக்கென்று ஊரிலிருந்து வந்த பழப்புளியில் கொஞ்சத்தைக் கோப்பையில் கரைத்து அடுப்போரம் வைத்திருந்தேன். கத்தரிக்காயைப் பொரித்தால் அடுத்ததாகப் பழப்புளி விடுவது எங்கள் பக்கத்துப் பெண்களின் கைப்பழக்கம். பொரித்த குழம்பு வைத்து வைத்து வந்த கை. என்னைக் கேட்காமலே எடுத்து ஊற்றிவிட்டது. ஊற்றிய பிறகுதான் வினாகிரிப் போத்தல் திறக்காமல் நிற்பதைப் பார்த்தேன். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி இல்லை, அது இல்லையென்றால் இந்த நாட்டில் இருக்கவே முடியாது. சீனியைப் போட்டுக் கிளறி, ஆறவைத்து அப்படியே அனுப்பிவிட்டேன்.

தட்டுகள் வழித்துத் துடைத்த மாதிரித் திரும்பி வந்தன. யார் சமைத்தது என்று ஒருத்தி கேட்பதும், "நான்தான், வேற ஆர்?" என்று சிஞ்ஞோரா சொல்வதும் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. பிறகு அவர் உள்ளே வந்து, கோப்பையின் அடியில் கிடந்த புளிச் சக்கையை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"இனி இப்பிடியே செய். ஒருத்தருக்கும் சொல்லாதை."

'சீ, சிஞ்ஞோரா' என்றேன். அந்த வீட்டில் இருந்தவரை வெளியே வாயே திறக்கவில்லை. என் புத்தியை நானே என்னவென்று சொல்ல!

மொண்டெல்லோக் கடையில் ஒரு வாய் வைத்தேன். வெறும் வினாகிரி. அதற்குள் கடைக்காரர் என்னைக் கண்டு ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். "மம்மாவின்ர ருசி மட்டும் வருகுதில்லை. என்னென்னவோ செய்து பார்த்திட்டன்," என்று இத்தாலியனில் குறைப்பட்டுக்கொண்டார்.

இந்தக் கதை மகளுக்கு மனப்பாடம். மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாள். "அல்லோரா, பிறகென்ன, சொல்லுங்கோ அம்மா! இப்ப சொல்லாட்டி எப்ப சொல்லப்போறீங்கள்?"

சொன்னேன். பழப்புளி என்றேன். செய்தது நான் என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மம்மா தன்ர சமையலுக்குள்ள அப்பிடி ஒரு சாமானை விடுவாவே? நீங்கள் உங்கட கறிக்குப் போட்டிருப்பியள்." தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எங்கள் மேசைக்கு ஒரு தட்டு இனிப்பு அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது "விடுங்கோ அம்மா" என்றாள் மகள். "என்னெண்டு விடுறது?" என்று நான் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கரும்பலகையில் என் பெயரை எழுது என்றா கேட்டேன்? ஓம், நீங்கள்தான் செய்தது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கால்சா வீட்டை இப்போது சுற்றுலாக்காரருக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். சமையலறையை இடித்துக் குளியலறை கட்டிவிட்டார்கள். அந்தப் புளிக் கோப்பையைக் கண்ட ஒரே ஆளான சிஞ்ஞோராவை இரண்டு வருடத்துக்கு முன் அடக்கம் செய்தாயிற்று. அன்று தேவாலயப் பூசையில் மகன் எழுந்து நின்று, தாயின் கப்பொனாத்தாவைப் பற்றி அழுதழுது பேசினார். கடைசி வாங்கில் உட்கார்ந்து நானும் அழுதேன்.